டோக்டோகுல் அணையின் தண்ணீர்: மத்திய ஆசிய நாடுகளின் ஒத்துழைப்பு ஏன் முறிந்தது, இப்போது எப்படி ஒட்டுகிறது?

திருமலை எழுதியது:

பொதுவுடைமை ஆட்சி முடிந்த நாடுகளின் பொருளாதாரம் என்றாலே இங்கே போலந்தும் எஸ்டோனியாவும்தான் பேசப்படுகின்றன. அவை ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் வாய்ப்பைப் பெற்றவை. விதிகளும் வந்தன, பணமும் வந்தது. அப்படி ஓர் அமைப்பு பக்கத்தில் இல்லாத நாடுகள் தங்களுக்குள் எப்படி ஒத்துழைத்தன, எந்த இடத்தில் தோற்றன என்பதைப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன். அதற்குச் சிர் தரியா ஆற்றை விடத் தெளிவான சான்று கிடையாது.

கிர்கிஸ்தானின் தியான் ஷான் மலைகளில் பிறக்கும் நரின் ஆறு, ஃபெர்கானா பள்ளத்தாக்கில் காரா தரியாவுடன் சேர்ந்து சிர் தரியா ஆகிறது. உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான், மறுபடியும் உஸ்பெகிஸ்தான், கடைசியில் கஜகஸ்தான் என்று ஓடி ஆரல் கடலின் வட பகுதியை அடைகிறது. நரினின் குறுக்கே சோவியத் அரசு 1970களில் கட்டிய டோக்டோகுல் அணையின் உயரம் 215 மீட்டர். நிரம்பினால் 19.5 பில்லியன் கன மீட்டர் நிற்கும். நமக்குப் பழகிய கணக்கில் ஏறத்தாழ 690 டி.எம்.சி.

அணை கிர்கிஸ் மண்ணில் இருந்தாலும் கட்டப்பட்டது கீழேயுள்ள பருத்தி வயல்களுக்காக. ஆண்டு முழுவதும் திறந்துவிடும் நீரில் முக்கால் பங்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை போனது. குளிர்காலத்தில் மதகை மூடி வைத்தால் கிர்கிஸ்தானில் மின்சாரம் குறையும். அந்தக் குறையை உஸ்பெகிஸ்தானின் எரிவாயுவும் கஜகஸ்தானின் நிலக்கரியும் எண்ணெயும் நிரப்பின. திட்டம் மாஸ்கோவினுடையது. எது எவ்வளவு பெறும் என்று யாரும் விலை போட்டுப் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

1991இல் அந்தத் திட்டமிடுபவர் இல்லாமல் போனார். 1992 பிப்ரவரியில் மத்திய ஆசியாவின் ஐந்து நாடுகளும் அல்மாட்டியில் கூடிச் சோவியத் காலத்து நீர்ப்பங்கீடு அப்படியே தொடரும் என்று கையெழுத்திட்டன. நாடுகளுக்கிடையிலான நீர் ஒருங்கிணைப்பு ஆணையமும் பிறந்தது. ஆனால் தொடர்ந்தது தண்ணீரின் பாதி மட்டுமே. எரிபொருளின் பாதிக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. எரிவாயுவுக்கும் நிலக்கரிக்கும் வெளிச்சந்தை விலை கேட்கப்பட்டது. தண்ணீர் மட்டும் பழையபடி இலவசமாக வர வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. கிர்கிஸ் மக்கள் வீட்டைச் சூடாக்க மின்சாரத்துக்கு மாறினார்கள். அரசு குளிர்காலத்தில் மதகைத் திறந்தது. கீழே, உறைந்து கிடந்த ஆற்றில் அவ்வளவு நீரும் போக வழியில்லை. கஜகஸ்தானின் சார்தாரா அணையில் பொங்கிய நீர் உஸ்பெகிஸ்தானின் அர்னசாய் பள்ளத்தில் திருப்பிவிடப்பட்டு வீணானது. கோடை வந்தபோது வயலுக்கு நீர் இல்லை.

1998 மார்ச்சில் கிர்கிஸ்தான், கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான் மூன்றும் ஒரு சட்டக உடன்படிக்கை செய்தன. மறு ஆண்டு தஜிகிஸ்தானும் சேர்ந்தது. கோடையில் கிர்கிஸ்தான் கூடுதலாக உற்பத்தி செய்யும் 220 கோடி யூனிட் மின்சாரத்தை, ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள கீழ்நாடுகளான கஜகஸ்தானும் உஸ்பெகிஸ்தானும் சரிபாதியாக எடுத்துக்கொள்ளும். பதிலுக்கு எரிபொருள் தரும். படித்தால் அருமையான ஏற்பாடு. சில ஆண்டுகளிலேயே செயலிழந்தது.

என் கருத்து இதுதான்: இந்த நாடுகளுக்குள் உடன்படிக்கைகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. 1994இல் மத்திய ஆசிய ஒன்றியம், 1998இல் மத்திய ஆசியப் பொருளாதாரச் சமூகம், 2002இல் மத்திய ஆசிய ஒத்துழைப்பு அமைப்பு என்று பெயர் மாற்றி மாற்றி ஒரே கூட்டைக் கட்டினார்கள். எதிலும், ஒரு நாடு இன்னொரு நாட்டுக்காகத் தண்ணீரைத் தேக்கி வைத்திருப்பது ஒரு சேவை, அதற்கு ஊதியம் உண்டு என்பதை நேராக ஒப்புக்கொள்ளவில்லை. அதை ஒப்புக்கொள்ளாத எந்த ஒத்துழைப்பும் முதல் கடுங்குளிரிலேயே முறியும். மாற்றுக்கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

கொற்கைப் பொறியாளர் எழுதியது:

திருமலை சொல்வதில் பெரும்பகுதி சரி. ஆனால் 1998 உடன்படிக்கை ஏன் சாய்ந்தது என்பதற்கு அணையின் இயல்பிலேயே விடை இருக்கிறது. நீர்மின் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டோக்டோகுல் ஆண்டுக்கு ஆண்டு நிரம்பி வடியும் அணை அல்ல. பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு 14 பில்லியன் கன மீட்டர். ஓர் ஆண்டில் சராசரியாக வந்து சேரும் நீரோ 12 பில்லியனை ஒட்டியது. அதாவது ஓராண்டு வரத்தை முழுதாக விழுங்கிவிட்டு மேலும் இடம் வைத்திருக்கும் அணை. மழையும் பனியும் மிகுந்த ஆண்டுகளில் சேர்த்துவைத்து, வறண்ட ஆண்டுகளில் கொடுப்பதற்காகவே அதை அவ்வளவு பெரிதாகக் கட்டினார்கள்.

இப்போது 1998 ஏற்பாட்டைப் பாருங்கள். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மின்சாரம், எவ்வளவு எரிபொருள் என்பதெல்லாம் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பேசி எழுதும் நெறிமுறையில் முடிவாகும். நல்ல மழை பெய்த ஆண்டில் கீழ்நாடுகளுக்கு டோக்டோகுல் நீர் அவ்வளவாகத் தேவைப்படாது. ஆகவே கோடை மின்சாரத்தைக் குறைவாக வாங்குவார்கள். குறைவாக வாங்கினால் எரிபொருளும் குறைவாகவே தருவார்கள். எரிபொருள் வராத கிர்கிஸ்தான் குளிருக்கு மதகைத் திறந்தே ஆக வேண்டும். எந்த ஆண்டில் நீரைச் சேமித்திருக்க வேண்டுமோ அந்த ஆண்டில்தான் சேமிப்பு கரையும். அடுத்து வறண்ட ஆண்டு வரும்போது எல்லோரும் அணையைப் பார்ப்பார்கள். அங்கே நீர் இருக்காது.

இது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் நடக்கவில்லை. பல ஆண்டுகளுக்கான அணையை ஓராண்டு ஒப்பந்தத்தால் நடத்த முயன்றார்கள். எவ்வளவு நல்லெண்ணம் இருந்தாலும் அது நடக்காது.

விளைவை 2008 வசந்தத்தில் கண்டோம். அந்தக் குளிர்காலம் கடுமையாக இருந்தது. அணையில் மிஞ்சியது ஏறத்தாழ 6.5 பில்லியன் கன மீட்டர். 5.5 பில்லியனுக்குக் கீழே போனால் விசையாழிகளை இயக்க முடியாது. ஒரு நாட்டின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீரிலிருந்து வருகிறது. அந்த நாடு தன் முதன்மை அணையின் அடிமட்டத்துக்கு ஒரு பில்லியன் தொலைவில் நின்றது.

பவித்ரா_பிஷ்கெக் எழுதியது:

வணக்கம் ஐயா. நான் கிர்கிஸ் தலைநகர் பிஷ்கெக்கில் மருத்துவம் படிக்கிறேன். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். டோக்டோகுல் என்ற பெயரை இங்கே எல்லோரும் வானிலையைக் கேட்பது போலக் கேட்கிறார்கள். அணையில் இவ்வளவு இருக்கிறது, சென்ற ஆண்டு இதே நாளில் அவ்வளவு இருந்தது என்று செய்தியில் வரும். காய்கறி விற்பவருக்கும் அந்த எண் தெரியும்.

குளிர்காலத்தில் மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தச் சொல்லி அறிவிப்புகள் வரும். நகரின் ஓரங்களில் குழாய்வழி வெந்நீர் போகாத குடியிருப்புகளில் நிலக்கரி எரிக்கிறார்கள். ஜனவரியில் அந்தப் புகை நகரின் மேல் அப்படியே தங்கிவிடும். மருத்துவமனைப் பயிற்சியின்போது இருமலோடு வரும் குழந்தைகளைப் பார்க்கையில் இந்த இழையில் பேசும் "எரிபொருளின் பாதி" என்னவென்று எனக்குப் புரிகிறது.

நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரப் பாட்டி 2010ஐப் பற்றி அடிக்கடிச் சொல்வார். அந்த ஆண்டின் தொடக்கத்தில் வீட்டு மின் கட்டணம் ஒரே தாவலில் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. வெப்பக் கட்டணமும் உயர்ந்தது. ஏப்ரலில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அதிபர் பாகியெவ் நாட்டை விட்டே போனார். பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கட்டணம் மட்டுமே காரணம் அல்ல, குடும்ப ஆட்சியும் ஊழலும் சேர்ந்தது என்று பாட்டி சொல்வார். ஆனால் தெருவுக்கு வந்தவர்கள் கையில் இருந்தது மின் கட்டணச் சீட்டு.

அதனால் எனக்கு ஒரு கேள்வி. கீழ்நாடுகள் தண்ணீருக்கு நேராகப் பணம் கொடுத்துவிட்டால் என்ன? ஏன் இவ்வளவு சுற்றிவளைப்பு?

திருமலை எழுதியது:

நல்ல கேள்வி, தங்கையே. கிர்கிஸ்தான் அதை முயன்றது. 2001இல் தண்ணீர் பொருளாதார மதிப்புள்ளது, பிற நாடுகள் பயன்படுத்தினால் ஈடு தர வேண்டும் என்று சட்டமே இயற்றியது. தாஷ்கண்ட் கொதித்தது. பன்னாட்டு ஆற்றின் நீரை ஒரு நாடு விலைக்கு விற்க முடியாது என்பது உஸ்பெகிஸ்தானின் நிலை. அந்த வாதத்தில் நியாயம் உண்டு. இயற்கையாக ஓடிவரும் நீருக்கு மேலிருப்பவர் விலை வைக்கத் தொடங்கினால் உலகில் எந்த ஆறும் அமைதியாக ஓடாது.

நான் சொல்வது நீரின் விலை அல்ல, தேக்கிவைக்கும் வேலையின் ஊதியம். இரண்டும் வேறு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டு நடந்த ஓர் ஏற்பாடு அதே பகுதியில், அதே நாடுகளுக்கிடையே இருக்கிறது. சூ, தலாஸ் என்ற இரண்டு சிறிய ஆறுகள் கிர்கிஸ்தானிலிருந்து கஜகஸ்தானுக்குப் போகின்றன. 2000 ஜனவரியில் இரு நாடுகளும் கையெழுத்திட்டன: கிர்கிஸ் மண்ணில் உள்ள அணைகளையும் கால்வாய்களையும் பராமரிக்கும் செலவில், தனக்குக் கிடைக்கும் நீரின் அளவுக்கேற்பக் கஜகஸ்தான் பங்கு தரும். 2006 முதல் இரு நாட்டு ஆணையம் அதை நடத்துகிறது. தலாஸ் ஆற்றின் கிரோவ் அணை முகப்பில் லெனினின் பெரிய தலை செதுக்கப்பட்டிருக்கும். அந்த அணையின் பராமரிப்புக்கு இன்று பக்கத்து நாடும் பணம் தருகிறது. செய்தித்தாள்களில் இடம்பெறாத ஏற்பாடு. ஆனால் நின்று நிலைத்திருக்கிறது.

பெரிய ஆற்றிலும் இது ஆதாயமானதே. 2004இல் உலக வங்கி வெளியிட்ட ஆய்வு டோக்டோகுலை வேளாண்மைக்கேற்ப இயக்கினால் கீழ்நாடுகளுக்குக் கிடைக்கும் நன்மை, ஆற்றின் மேற்பகுதியில் உள்ள மேல்நாடான கிர்கிஸ்தானுக்கு ஏற்படும் இழப்பைவிடப் பெரிது என்று காட்டியது. அப்படியானால் ஈடு கொடுத்த பிறகும் மூவருக்கும் மிச்சம் இருக்கிறது. அதைப் பிரித்துக்கொள்ள முடியாமல் போனதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மருதன் எழுதியது:

தோழர்களே, எல்லாவற்றையும் விலையிலும் கன மீட்டரிலும் அடக்கிவிட்டீர்கள். எனக்கு உடன்பாடில்லை.

2009 இறுதியில் உஸ்பெகிஸ்தான் மத்திய ஆசிய மின் கட்டமைப்பிலிருந்து விலகியது. அந்தக் கட்டமைப்பின் ஒருங்கிணைப்பு மையமே தாஷ்கண்டில்தான் இருந்தது. விலகியதால் தஜிகிஸ்தான் துண்டிக்கப்பட்டது. கோடையில் மிஞ்சும் மின்சாரத்தை விற்க வழியில்லை; குளிரில் வாங்கவும் வழியில்லை. கிராமங்களில் பல குளிர்காலங்கள் நாளொன்றுக்குச் சில மணி நேர மின்சாரத்தோடு கழிந்தன. இதற்கும் தேக்கிவைக்கும் ஊதியத்துக்கும் என்ன தொடர்பு? உஸ்பெக் அதிபர் இஸ்லாம் கரிமோவ் என்ற ஒருவரின் முடிவு அது. மேல்நாடுகளின் பெரிய அணைத் திட்டங்கள் போருக்கே வழிவகுக்கலாம் என்று 2012இல் அஸ்தானாவில் வெளிப்படையாக எச்சரித்தவர் அவர். தஜிகிஸ்தானுக்குப் போகும் ரயில் வண்டிகளை நிறுத்தினார்கள், எல்லையில் கண்ணிவெடி புதைத்தார்கள், விசா கேட்டார்கள்.

2016 செப்டம்பரில் கரிமோவ் இறந்தார். மிர்சியோயெவ் அதிபராக வந்தார். 2017 ஏப்ரலில் தாஷ்கண்டுக்கும் தஜிக் தலைநகர் துஷான்பேவுக்கும் இடையே விமானம் பறக்கத் தொடங்கியது; கால் நூற்றாண்டாக இல்லாத விமானம். அதே ஆண்டு செப்டம்பரில் கிர்கிஸ்தானின் ஓஷ் நகருக்கு அருகில் உஸ்பெகிஸ்தானுடனான தோஸ்துக் எல்லைக் கதவு திறந்தது. 2018இல் விசா நீங்கியது, எரிவாயு திரும்ப வந்தது, தஜிக் மின்சாரத்தை உஸ்பெகிஸ்தான் வாங்கத் தொடங்கியது. கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் இடையிலான வணிகம் ஐந்தாறு ஆண்டுகளில் இரண்டு மடங்கைத் தாண்டியது. அணையும் அதேதான், ஆறும் அதேதான், கணக்கும் அதேதான். மாறியது அதிகாரத்தில் இருந்த மனிதர் மட்டும். ஆகவே இது பொருளாதாரப் பிரச்சினை அல்ல. கேள்வி கேட்க முடியாத ஆட்சியின் பிரச்சினை.

அதே காரணத்தால் இன்றைய ஒத்துழைப்பையும் நான் முழுமையாக நம்பவில்லை. ஒரு மனிதரின் இறப்பால் திறந்த கதவை இன்னொரு மனிதரின் கோபம் மூடிவிடும். 2022இல் கெம்பிர்-அபாத் நீர்த்தேக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உஸ்பெகிஸ்தானில் அதற்கு ஆண்டிஜான் நீர்த்தேக்கம் என்று பெயர். எல்லைத் தகராறைத் தீர்க்க, நீர் நிற்கும் நிலம் உஸ்பெகிஸ்தானுக்கு, வேறிடத்தில் அதைவிடக் கூடுதல் நிலம் கிர்கிஸ்தானுக்கு, நீர் மேலாண்மை இருவருக்கும் என்று முடிவானது. ஏற்பாடு கெட்டதென்று நான் சொல்லவில்லை. ஆனால் அது என்னவென்று விளக்குங்கள் என்று கேட்ட இருபதுக்கும் மேற்பட்ட செயற்பாட்டாளர்களும் அரசியலாளர்களும் பிஷ்கெக்கில் அக்டோபரில் கைது செய்யப்பட்டார்கள். 2024 ஜூனில்தான் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அண்டை நாட்டோடு சமாதானம் செய்துகொள்வதற்காகச் சொந்த மக்களைச் சிறையில் அடைக்க வேண்டியிருந்தால் அந்தச் சமாதானம் எத்தனை நாள் நிற்கும்?

நெய்தல்நிலா எழுதியது:

மருதன் சொன்னதற்கு ஒரு சேர்க்கை. தண்ணீருக்காக நிஜமாகவே துப்பாக்கிகள் வெடித்த இடமும் இதே பகுதிதான். 2021 ஏப்ரல் இறுதியில் கிர்கிஸ்-தஜிக் எல்லையில், இஸ்ஃபாரா ஆற்று நீரைப் பிரிக்கும் கோலவ்னோய் மதகின் அருகே தொடங்கிய கைகலப்பு இரு நாட்டுப் படைகளின் மோதலாக முடிந்தது. 2022 செப்டம்பரில் அதைவிடப் பெரிய மோதல். இரு தரப்பிலும் சேர்த்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள்.

2025 மார்ச் 13 அன்று கிர்கிஸ் அதிபர் ஜபரோவும் தஜிக் அதிபர் ரஹ்மோனும் பிஷ்கெக்கில் எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதே மாதம் 31ஆம் நாள் தஜிகிஸ்தானின் குஜாந்தில் மிர்சியோயெவும் சேர்ந்து மூன்று எல்லைகளும் சந்திக்கும் புள்ளியை உறுதி செய்தார்கள். சோவியத் ஆட்சி வரைந்துவிட்டுப் போன கோடுகளை, முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாமதித்து, தாங்களே உட்கார்ந்து முடிவு செய்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் பாதாமி பயிரிடும் குடும்பங்களுக்கு இதன் மதிப்பு எவ்வளவு என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறைகிறது. எப்படி வந்தது என்ற கேள்வி வேண்டும்தான். ஆனால் வந்ததை மதிக்கவும் வேண்டும்.

கொற்கைப் பொறியாளர் எழுதியது:

மருதனுக்கு ஒரு பதில். ஆள் மாறியதால் எல்லை திறந்தது உண்மை. ஆனால் டோக்டோகுல் சிக்கல் தீரவில்லை. மிர்சியோயெவ் வந்து ஐந்தாவது ஆண்டில், 2021 வசந்தத்தில், நீர்மட்டம் மறுபடியும் கவலைக்குரிய அளவுக்கு இறங்கியது. 2022 ஜனவரி 25 அன்று ஒரே நேரத்தில் அல்மாட்டி, தாஷ்கண்ட், பிஷ்கெக் மூன்றும் இருளில் மூழ்கின. ஒரு கட்டமைப்பில் ஏற்பட்ட கோளாறு மூன்று நாடுகளையும் தாக்கும் அளவுக்கு அவை இன்றும் பிணைந்திருக்கின்றன. 2023 ஆகஸ்டில் கிர்கிஸ்தான் மின்துறையில் நெருக்கடி நிலையை அறிவித்தது. அது 2026 இறுதிவரை என்று முடிவானது. தலைவர்கள் தழுவிக்கொண்ட பிறகும் இதெல்லாம் நடந்திருக்கிறது.

அதனால் எனக்கு நம்பிக்கை தருவது உச்சிமாநாடுகள் அல்ல, கம்பரத்தா-1. டோக்டோகுலுக்கு மேலே, அதே நரின் ஆற்றில் கட்டவிருக்கும் அணை. 1,860 மெகாவாட். சோவியத் காலத்தில் 1986இல் வேலை தொடங்கி நின்றுபோனது. 2012இல் ரஷ்யா கட்டித் தருவதாக ஒப்பந்தம் போட்டது, பணம் வரவில்லை, 2016இல் கிர்கிஸ்தான் அதை முறித்தது. 2023 ஜனவரியில் கிர்கிஸ்தான், கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான் மூன்றின் எரிசக்தி அமைச்சர்களும் சேர்ந்து கட்டுவதென்று கையெழுத்திட்டார்கள். பங்குகள் 34, 33, 33 விழுக்காடு என்று பேசப்பட்டது.

இதன் அழகு இடத்தில்தான் இருக்கிறது. இரண்டு அணைகள் அடுத்தடுத்து இருந்தால், மேலணை குளிர்காலத்தில் மின்சாரம் உற்பத்தி செய்து நீரைக் கீழே விடும். அந்த நீர் வயலுக்குப் போகாது, டோக்டோகுலில் வந்து விழும். டோக்டோகுல் அதைப் பிடித்துவைத்துக் கோடையில் திறக்கும். ஒரே நீர், குளிரில் கிர்கிஸ் வீடுகளைச் சூடாக்கிவிட்டுக் கோடையில் ஃபெர்கானா வயலுக்குப் போகிறது. குளிரா கோடையா என்று முப்பது ஆண்டுகளாக நடந்த இழுபறியை இது பொறியியலாலேயே தளர்த்துகிறது. ஒரு காலத்தில் மேல்நாட்டு அணை என்றாலே எதிர்த்த உஸ்பெகிஸ்தான் இன்று தன் பணத்தைப் போட்டு அதில் பங்குதாரராக வருவதற்கு இதுவே காரணம்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. மேலணை வந்த பிறகும், டோக்டோகுலின் மதகைக் குளிரில் மூடிவைக்கும்படி எந்த இயற்கை விதியும் கட்டாயப்படுத்தாது. அதுவும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஓராண்டு ஒப்பந்தத்தில் அல்ல, கடனைத் திருப்பிக் கட்டும் காலம் முழுவதற்குமான ஒப்பந்தத்தில்.

பவித்ரா_பிஷ்கெக் எழுதியது:

நன்றி ஐயா. கம்பரத்தா என்ற பெயரை இங்கே பலமுறை கேட்டிருக்கிறேன். மேலே இருப்பதால் என்ன பயன் என்பதை யாரும் இப்படி விளக்கியதில்லை.

கடலோடி எழுதியது:

எல்லோரும் அணையருகிலேயே நிற்கிறீர்கள். ஆற்றின் கடைசியில் ஒரு கடல் இருந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆரல் 1960 வரை உலகின் நான்காவது பெரிய ஏரி. அதில் கலந்த சிர் தரியா, அமு தரியா என்ற இரண்டு ஆறுகளையும் பருத்திக்காக உறிஞ்சிய பிறகு அது துண்டு துண்டானது.

2005இல் கஜகஸ்தான், உலக வங்கியின் கடனோடு, சிர் தரியா கலக்கும் வட பகுதியைத் தனியே பிரித்துக் கோக்-ஆரல் என்ற 13 கிலோமீட்டர் கரையைக் கட்டியது. நிரம்பப் பல ஆண்டுகளாகும் என்று எதிர்பார்த்தார்கள். சில மாதங்களிலேயே 42 மீட்டர் மட்டத்தை எட்டியது. உப்பு குறைந்தது, நன்னீர் மீன்கள் திரும்பின, மீன் பதப்படுத்தும் ஆலைகள் திறந்தன, ஊரை விட்டுப் போனவர்கள் சிலர் திரும்பி வந்தார்கள். அழிந்தது என்று எல்லோரும் கைகழுவிய ஒன்று திரும்ப வரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியாது.

ஆனால் அதே கரை தெற்குப் பகுதிக்குப் போகும் நீரையும் அடைத்தது. தெற்குப் பகுதியின் பெரும்பாகம் உஸ்பெகிஸ்தானுடையது. அங்கே காரகல்பாக்ஸ்தானில் உப்புத் தூசி இன்றும் பறக்கிறது. ஒரு நாடு தன் பங்கைக் காப்பாற்றிக்கொண்டது. ஒரு கடலை இரண்டு நாடுகள் சேர்ந்து காப்பாற்றவில்லை. 1993இல் இதற்காகவே ஐந்து நாடுகளும் சேர்ந்து ஆரல் காப்பு நிதியம் தொடங்கியிருந்தன.

தண்ணீரைக் குறைவாகப் பயன்படுத்துவது பற்றியும் யாரும் எழுதவில்லை. கீழ்நாட்டு நீரின் பெரும்பங்கு மண் கால்வாய்களில் கசிந்து போகிறது. உஸ்பெகிஸ்தான் 2020இல் பருத்திக்கு அரசு விதித்த கட்டாய அளவை நீக்கியது. கச்சாப் பருத்தியாக விற்காமல் நூலாகவும் துணியாகவும் விற்கப் பார்க்கிறது. ஒரே அளவு தண்ணீருக்குக் கூடுதல் வருமானம் கிடைத்தால் மேல்நாட்டுக்கு ஊதியம் கொடுக்கும் வலுவும் வரும்.

மருதன் எழுதியது:

கடலோடி சொன்னது நெஞ்சில் தைக்கிறது. கட்டாயப் பருத்தி நீங்கியதும் மேலிருந்து வந்த கருணை அல்ல. மாணவர்களையும் ஆசிரியர்களையும் செவிலியர்களையும் வயலுக்கு ஓட்டிய முறையை, உள்ளிருந்தே படமெடுத்து வெளியே சொன்னவர்கள் அடியும் சிறையும் பட்டார்கள். உலகத் துணி நிறுவனங்கள் உஸ்பெக் பருத்தியைப் புறக்கணித்தன. அந்தப் புறக்கணிப்பு 2022 மார்ச்சில்தான் விலக்கப்பட்டது.

பொறியாளர் ஐயாவின் விளக்கத்துக்குப் பின் கம்பரத்தா பற்றி என் எண்ணம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. பணத்தைப் போட்ட நாடு அவ்வளவு எளிதில் கதவைச் சாத்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கோரிக்கை மாறவில்லை. டோக்டோகுல் மதகு எப்போது திறக்கும், எப்போது மூடும் என்ற அட்டவணை அந்த ஒப்பந்தத்தில் எழுதப்பட்டால், அது மூன்று நாட்டு மக்களும் படிக்கும்படி வெளியிடப்பட வேண்டும். கிர்கிஸ் குடிமகன் தன் வீட்டு மின்சாரத்தை அடகு வைக்கிறார். எதற்கு என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

திருமலை எழுதியது:

அதில் எனக்கு முழு உடன்பாடு. கெம்பிர்-அபாத்தில் செய்ததைக் கம்பரத்தாவில் செய்தால், அடுத்த கட்டண உயர்வின்போது 2010 திரும்ப வரும். ஆட்சி கவிழ்ந்தால் ஒப்பந்தமும் கவிழும். வெளிப்படையாக இருப்பது கீழ்நாடுகளுக்கும் பாதுகாப்பு.

ஆனால் "பொருளாதாரப் பிரச்சினை அல்ல" என்று நீங்கள் தொடக்கத்தில் எழுதியதை ஏற்கமாட்டேன். கரிமோவ் இருந்த காலத்திலேயே, அதே 2000இல், சூ-தலாஸ் ஏற்பாடு பிறந்தது. கஜகஸ்தானும் மக்களாட்சி நாடாக இருக்கவில்லை, நாசர்பாயெவ் ஆண்டுகொண்டிருந்தார். அப்படியும் அது நின்றது. ஏனென்றால் யார் எதற்கு எவ்வளவு தர வேண்டும் என்பது எழுதப்பட்டிருந்தது, அந்தத் தொகையும் தாங்கக்கூடியதாக இருந்தது. ஆட்சி நல்லதாக மாறும்வரை தண்ணீருக்குக் காத்திருக்க முடியாது. ஒவ்வோர் ஏப்ரலிலும் உழவர் வயலில் இறங்கியாக வேண்டும், ஒவ்வொரு நவம்பரிலும் பிஷ்கெக்கில் அடுப்பு எரிந்தாக வேண்டும்.

நெய்தல்நிலா எழுதியது:

அமு தரியாவை யாரும் தொடவில்லையே. தஜிகிஸ்தானின் ரோகுன் அணை, ஆப்கானிஸ்தானில் தாலிபான் அரசு 2022இல் தோண்டத் தொடங்கிய 285 கிலோமீட்டர் கோஷ் தேபா கால்வாய் இரண்டும் அந்த ஆற்றுப் படுகையில்தான். 1992 உடன்படிக்கையில் ஆப்கானிஸ்தான் கிடையாது.

திருமலை எழுதியது:

அது வேறு ஆறு, வேறு சிக்கல். ரோகுனை மட்டும் எடுத்தாலும் 335 மீட்டர் உயரத்துக்குத் திட்டமிட்ட அணை, 1976இல் தொடங்கிய வேலை, 1993 வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட தடுப்பு, 2010இல் மக்கள் தலையில் கட்டிய பங்குப் பத்திரங்கள், 2018இல் ஓடத் தொடங்கிய முதல் விசையாழி என்று நீண்ட கதை. இங்கே கலந்தால் இரண்டும் குழம்பும். தனி இழை தொடங்குகிறேன். பொறியாளர் ஐயா, ரோகுனுக்குக் கீழே நூரெக் அணை இருக்கிறது. கம்பரத்தாவுக்கும் டோக்டோகுலுக்கும் நீங்கள் சொன்ன அதே உறவு அங்கேயும் பொருந்துமா என்பதிலிருந்து அந்த இழையை நீங்களே தொடங்கிவைத்தால் நன்றாக இருக்கும்.

கொற்கைப் பொறியாளர் எழுதியது:

பொருந்தும், ஆனால் முழுமையாக அல்ல. ரோகுனின் நீர்த்தேக்கம் நூரெக்கை விடப் பெரியது. அதை நிரப்ப எத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதே கீழ்நாடுகளின் முதல் கவலை. எழுதுகிறேன்.